பிள்ளையோடு தாயையும்: திக்கற்ற குழந்தைகளுக்கான ஊழியத்தின் முந்நூறு ஆண்டுகள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் தாமல் வரும். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குப் பெயர் தந்த பழைய ஊர். பெரிய ஏரி உள்ள ஊர். இங்கிருந்து தெற்கே உத்திரமேரூர் வரை ஏரியும் நெல்வயலுமாக விரியும் நாட்டுப்புறத்தைச் சாலையிலிருந்து பார்ப்பவருக்குப் பச்சைதான் தெரியும். பட்டுத்தறி, செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி என்று இதே மண்ணின் தொழில்களுக்குள் போய்ப் பார்த்தால் தெரிவது வேறு. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் பிள்ளைகள் முன்பணத்துக்கு அடகாக வேலை செய்ததை 2003-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் விரிவான அறிக்கையாகவே வெளியிட்டது. அப்பன் வாங்கிய அட்வான்ஸைப் பிள்ளை தறியில் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

இதே நாட்டுப்புறத்தில்தான் கிறிஸ்தவ ஊழியர்கள் நடத்தும் குழந்தைகள் இல்லங்களும் நிறைய எழுந்தன. சென்னை பக்கம், நிலம் மலிவு, போக்குவரத்து எளிது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகளும், சோறு போட வழியில்லாமல் தாய் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தார்கள். இந்த ஊழியம் யாரைக் காப்பாற்றியது, எதைத் தவறவிட்டது, இனி எந்த வழியில் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாக்கோபின் நிருபம் மாசற்ற பக்தி எது என்று சொல்லும் இடத்தில் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. நம் ஊழியமோ நெடுங்காலமாகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு விதவையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. அதன் பெருமைகள் உண்மையானவை. இந்தப் பிழையும் உண்மையானது.

தரங்கம்பாடியில் தொடங்கியது

1706-இல் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர்கள் மனத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திவந்த அனாதை இல்லம் அது. பள்ளி, அச்சகம், மருந்தகம் எல்லாம் அதைச் சுற்றியே வளர்ந்திருந்தன. தரங்கம்பாடியில் 1707-லேயே பள்ளி தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எழுத்தும் சேர்ந்தே கிடைத்தன. தமிழ் மண்ணில் நடந்த பிற்கால மிஷன் விடுதிகள் எல்லாவற்றுக்கும் விதை இங்கே விழுந்தது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இன்னொரு சோதனை நடந்தது. 1789-இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்களுக்காக ஏற்பட்ட அனாதை விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதையே தன் விடுதியில் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை 'மதராஸ் முறை'யை இங்கிலாந்து முழுவதும் கொண்டுபோனது. தமிழ்த் திண்ணையின் பாடம் ஓர் அனாதை விடுதி வழியாக உலகத்துக்குப் போயிற்று.

அந்த விடுதியில் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்லர். தகப்பன் வெள்ளைச் சிப்பாய், தாய் உள்ளூர்ப் பெண், அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிலையிலும் பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். தாயின் பாதிப்பிலிருந்து பிள்ளையை விலக்குவது விடுதியின் நோக்கங்களில் ஒன்றாகவே இருந்தது. ஏழைத் தாயிடம் வளர்வதைவிட விடுதியில் வளர்வது மேல் என்ற எண்ணம் அப்போதே வேர்விட்டுவிட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அது முழுதாக வாடவில்லை.

தாது வருஷப் பஞ்சமும் இரண்டு வழிகளும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லியே கொண்டுவந்தார்கள். சாலையோரத்தில் பெற்றோர் விழுந்து இறக்க, பிள்ளைகள் கஞ்சித் தொட்டிகளின் பக்கம் தனியாக நின்றார்கள். கத்தோலிக்க மடங்களும் புராட்டஸ்டண்ட் மிஷன்களும் அவர்களை அள்ளிக்கொண்டன. அன்றைக்கு அதைத் தவிர வேறு வழி இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வீடே அழிந்த பிள்ளைக்கு இல்லம் உயிர் கொடுத்தது.

பஞ்சத்துக்குப் பிறகு செங்கல்பட்டு வட்டாரத்தில் வேறொரு வழியும் பிறந்தது. அதை நாம் மறந்துவிட்டோம். தாமலும் உத்திரமேரூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. 1891-இல் அந்த மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைதான் மறு ஆண்டு அவர்களுக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ அந்த மக்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் முயற்சியில் இறங்கினார். மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகள் அப்படி எழுந்தவை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வழி, குடும்பம் உடைந்த பிறகு பிள்ளையைப் பொறுக்கி எடுப்பது. மற்றது, குடும்பம் உடையாதபடி அதன் காலுக்கடியில் நிலம் போடுவது. இரண்டும் கிறிஸ்தவ ஊழியம்தான். ஆனால் முதல் வழிக்கு நன்கொடையும் நூல்களும் நினைவு விழாக்களும் கிடைத்தன. இரண்டாவது வழி ஆவணக் காப்பகத்துக்குள் போய்விட்டது.

டோனாவூரின் அக்காள்களும் சித்திகளும்

தமிழ்நாட்டில் இந்த ஊழியத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஏமி கார்மைக்கேலைத் தாண்டிப் போக முடியாது. 1867-இல் அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நிலைகொண்டு, 1951-இல் அங்கேயே மண்ணுக்குள் போனவர். அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்கு விடுப்பில் போகவில்லை. 1901-இல் கோயிலுக்கு விடப்பட்டிருந்த பிரீனா என்ற சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அங்கிருந்து வளர்ந்தது டோனாவூர் ஐக்கியம். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

டோனாவூரின் அன்றாட ஏற்பாட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்பது பயன் தரும். பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்கவில்லை. சிறு சிறு வீடுகளில் பிரித்து வைத்தார்கள். தமிழ்ப் பணிப்பெண்கள் பிள்ளைகளுக்கு 'அக்காள்', ஐரோப்பியப் பெண்கள் 'சித்தி', ஆண் ஊழியர்கள் 'அண்ணாச்சி', கார்மைக்கேல் 'அம்மா'. மேட்ரன், வார்டன், சூப்பரிண்டெண்ட் என்ற பதவிகளுக்குப் பதில் திருநெல்வேலிக் குடும்பத்தின் உறவுமுறையே அங்கே நிர்வாகமாக இருந்தது. பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை என்பதும் அங்கே விதி. சம்பளத்துக்கு வந்து ஆறு மாதத்தில் மாறிப்போகும் காப்பாளர்களிடம் வளரும் பிள்ளைக்கும், இருபது ஆண்டு அதே அக்காளின் கையில் வளரும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டோனாவூருக்கும் ஓர் எல்லை இருந்தது. உள்ளே வந்த பிள்ளைக்குப் பிறந்த வீட்டோடு உறவு பெரும்பாலும் அற்றுப்போனது. ஆபத்தான வீட்டிலிருந்து தப்பிய பிள்ளைக்கு அது பாதுகாப்பு. வறுமையால் மட்டும் வந்த பிள்ளைக்கு அது இழப்பு. சிறுமிகளைக் கோயிலுக்கு விடும் தீமையை எதிர்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அவ்வை இல்லம் நடத்தியதோடு நிற்காமல் சட்டமன்றத்திலும் வாதாடினார்; அவருடைய நெடும் போராட்டத்தின் பலனாக 1947-இல் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் ஒழிந்தது. ஓடிவந்த பிள்ளைக்குக் கதவு திறந்தவரும் வேண்டும். பிள்ளை ஓடிவர வேண்டிய நிலையை ஒழித்தவரும் வேண்டும்.

தெருவுக்குப் போன ஊழியம்

வீதியில் வாழும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு இல்லத்தின் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே வந்தாலும் மறுநாள் சுவர் ஏறிக் குதிப்பார்கள். அடியும் பசியும் தாங்காமல் ஊரைவிட்டு ரயிலேறி வந்தவனுக்குச் சுவர் என்றாலே பயம்.

இதை நன்கு புரிந்துகொண்டவர்கள் டான் போஸ்கோவின் சலேசிய சபையார். 1841-இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் வேலை தேடி வந்து தெருவில் அலைந்த பையன்களை விளையாட்டுக்கும் பேச்சுக்கும் கூட்டிச் சேர்த்ததில் தொடங்கியது அவர் பணி. சலேசியர்கள் இந்தியாவுக்கு முதலில் வந்த இடம் நம் தஞ்சாவூர். 1906-இல் வந்தார்கள்; அங்கே ஏற்ற பொறுப்புகளில் ஓர் அனாதை இல்லமும் உண்டு. சென்னையில் 1985-இல் தொடங்கிய டான் போஸ்கோ அன்பு இல்லம் இந்த மரபைத் தெருவுக்கே கொண்டுபோனது. பணியாளர் ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் போய்ப் பையனோடு பழக வேண்டும். அவன் வந்து குளிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் ஓர் இடம் வேண்டும். போக நினைத்தால் போகலாம், திரும்பி வந்தால் திட்டக் கூடாது. நம்பிக்கை பிறந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். இதுதான் அந்த வழி. பிள்ளையைத் தன் இல்லத்தில் வைத்துக்கொள்வதைவிட வீட்டைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவதையே வெற்றியாக எண்ணும் மனப்பாங்கு இங்கேதான் வலுப்பெற்றது.

1995-இல் வடசென்னையில் தொடங்கிய கருணாலயா அமைப்பு நடைபாதைக் குடும்பங்களோடு வேலை செய்தது. அங்கே பிள்ளை தனியாக இல்லை. குடும்பமே தெருவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அனாதை இல்லம் பதில் ஆகாது. குடும்பத்துக்கு வீடும் அடையாள அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் வேண்டும். 2019-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில் கருணாலயாவின் பிள்ளைகள் இருந்தார்கள். தெருவில் வளர்ந்த பிள்ளை எதற்கும் ஆகாதவன் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுமொழி தேட வேண்டியதில்லை.

1996-இல் மும்பையில் தொடங்கிய, குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பின்னர் நாடெங்கும் பரவியதில் இத்தகைய அமைப்புகளின் உழைப்பு கலந்திருக்கிறது. இரவு எந்த நேரமும் அழைத்தால் ஆள் வரும் என்ற உறுதியைத் தெருப் பிள்ளைக்குத் தந்தது அது.

இல்லங்கள் ஏன் பெருகின?

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவ இல்லங்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது ஸ்பான்சர் முறை. ஜெர்மனியில் 1959-இல் சில கிறிஸ்தவர்கள் இந்தியப் பிள்ளைகள் சிலருக்கு உதவத் தொடங்கியதில் பிறந்தது கிண்டர்நோட்ஹில்ஃபே என்ற அமைப்பு. ஒரு குடும்பம் ஒரு பிள்ளையைத் தாங்கும். புகைப்படமும் கடிதமும் கடல் கடந்து போகும். தென்னிந்தியத் திருச்சபைகளின் போர்டிங் பள்ளிகளில் படித்து ஆசிரியராகவும் செவிலியராகவும் உயர்ந்தவர்கள் நம் ஊர்கள்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த உதவியே ஏணி. ஆனால் பணம் பிள்ளையின் பெயருக்கு வந்தது, பிள்ளை விடுதியில் இருக்கும்வரை வந்தது. தாயிடம் திரும்பிப் போனால் நின்றுவிடும். பிற்காலத்தில் அந்த அமைப்பே இந்தக் குறையை உணர்ந்து, ஊர் மேம்பாட்டுக்கும் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கும் தன் கவனத்தைத் திருப்பியது.

இரண்டாவது காரணம் சட்டம். இதை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1956-இன் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டுமே உரியது. கிறிஸ்தவ தம்பதியர் 1890-இன் காப்பாளர் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைக்குக் காப்பாளராகலாமே தவிர முழுப் பெற்றோராக முடியாது. 2000-இன் இளைஞர் நீதிச் சட்டமும் 2006-இன் திருத்தமும்தான் எல்லா மதத்தாருக்கும் தத்தெடுக்கும் வழியைத் திறந்தன. அதை 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரக்கமுள்ள ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஒரு பிள்ளையை மகனாக ஏற்கச் சட்டம் அரை நூற்றாண்டு காலம் நேரான வழி தரவில்லை. அந்த இரக்கம் இல்லம் கட்டுவதில் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

மூன்றாவது, எந்தத் திருச்சபையின் கட்டுப்பாட்டிலும் இல்லாத தனி ஊழியங்களின் பெருக்கம். பெரிய சபைகளுக்குப் பேராயர், பேரவை, தணிக்கை என்று ஏதோ ஓர் அடுக்கு உண்டு. தனி ஊழியத்திலோ போதகரே நிறுவனர், போதகரே பொருளாளர், போதகரின் மனைவியே காப்பாளர். பலர் தங்கள் தட்டிலிருந்த சோற்றைப் பகிர்ந்து பிள்ளைகளை வளர்த்த உத்தமர்கள். கேட்பார் இல்லாத இடத்தில் உத்தமர்களும் தவறுவார்கள். தவறுவதற்கென்றே வருபவர்களும் உண்டு.

நீதிமன்றத்தின் வாசலில்

அந்தத் தவறுகள் நாட்டையே உலுக்கிய வழக்காக மாறியது நம் வட்டாரத்திலிருந்துதான். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில் இல்லப் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றிய செய்தியின் அடிப்படையில் 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அதுவே 'தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டல்' என்ற பொருளிலான வழக்காயிற்று. 2010-இல் மணிப்பூர், அசாம் மாநிலங்களிலிருந்து படிப்பு என்ற பெயரில் அழைத்துவரப்பட்ட 76 பிள்ளைகள் கன்னியாகுமரி வட்டாரத்து இல்லங்களிலிருந்து மீட்கப்பட்ட செய்தியும் இவ்வழக்கில் வந்து சேர்ந்தது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அம்மாநிலங்களிலிருந்து படிப்புக்காக வெளியே அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

2014-இல் பொள்ளாச்சியில் சபை சார்ந்த ஒரு விடுதியிலிருந்து இரண்டு சிறுமிகள் தூக்கிச் செல்லப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார்கள். விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் மாநிலச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. 2015-இல் திருச்சியில் ஓர் ஊழிய இல்லத்தில் இருந்த 89 பெண் பிள்ளைகள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பெண் சிசுக்கொலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்களுக்கு மரபணுச் சோதனை நடத்தப்பட்டபோது, சிலருக்குப் பெற்றோர் இருப்பது தெரிந்தது. தாய் இருக்கும் பிள்ளையை 'யாருமற்றவள்' என்று உலகுக்குக் காட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநீதி; அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும் பொய்தான்.

2017 மே 5-இல் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இந்தியா முழுவதற்கும் விதி வகுத்தது. எல்லா இல்லங்களும் ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். ஆய்வுக் குழுக்களும் சமூகத் தணிக்கையும் இயங்க வேண்டும். குடும்பத்தில் வளர்ப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். மறு ஆண்டு வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, 9,589 இல்லங்களில் பராமரிப்பு தேவைப்படும் 3,70,227 பிள்ளைகள் இருப்பதைக் காட்டியது. அதிக இல்லங்கள் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு 2018 பிப்ரவரியும் மறக்காது. பாலேஸ்வரத்தில் கைவிடப்பட்ட முதியோருக்காக இயங்கிய கிறிஸ்தவ இல்லத்தின் வண்டியில் ஒரு சடலமும் உயிரோடிருந்தவர்களும் சேர்ந்து கொண்டுசெல்லப்பட்டதாக எழுந்த புகாரிலிருந்து, இறந்தவர்களை அடக்கிய முறை வரை கேள்விகள் கிளம்பின. நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அங்கே இருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அது குழந்தைகள் இல்லம் அல்ல; ஆனாலும் பாடம் ஒன்றுதான். உள்ளே நடப்பது ஊருக்குத் தெரியாவிட்டால், குற்றம் நடந்தாலும் தடுக்க முடியாது, நடக்காவிட்டாலும் வதந்தியை மறுக்க முடியாது.

இதை உத்திரமேரூர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுப்படி, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. குடும்ப அறக்கட்டளையாக நடக்கும் எந்த இல்லமும் முகப்பில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விதி அது.

பிள்ளைக்கு என்ன ஆகிறது?

இல்லங்கள் எல்லாம் கொடுமைக்கூடங்கள் அல்ல. நல்ல இல்லமேயானாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வு, அரசு இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டும் திறனும் மேம்பட்டன. அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். நம் இல்லங்கள் ருமேனிய இல்லங்களைப் போன்றவை அல்ல. ஆனாலும் ஒரு குழந்தைக்குத் தன்னை மட்டும் தேடும் ஒருவர் வேண்டும் என்ற உண்மை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

பதினெட்டு வயதில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் ஜெபித்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் பெட்டியோடு வெளியே வருகிறது. வாடகை வீடு பேசத் தெரியாது, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் போக ஒரு வீடு கிடையாது, கல்யாணத்துக்கு நின்று பேச ஒரு தாய்மாமன் கிடையாது. சட்டம் 21 வயதுவரை, தேவைப்பட்டால் 23 வரை பின்தொடர் பராமரிப்புக்கு இடம் தருகிறது. உறவு என்ற ஒன்றைச் சட்டத்தால் தர முடியாது.

மதம் பற்றிய கேள்வி

இதைத் தவிர்த்துவிட்டு நேர்மையான கட்டுரை எழுத முடியாது. பிள்ளைகளைக் காப்பது மதமாற்றத்துக்கான தூண்டில் என்பது தாது வருஷப் பஞ்சத்திலிருந்தே இருந்துவரும் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் தூண்டில் போட வந்தவர்கள் அல்லர். அதே சமயம், மூன்று வேளைச் சோற்றுக்கும் உங்களை நம்பியிருக்கும் பிள்ளை உங்கள் ஜெபத்தில் மனமார்ந்து சேருகிறதா, பயந்து சேருகிறதா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. சுதந்திரமாக மறுக்க முடிந்தவர்களுக்குத்தான் சுதந்திரமாக ஏற்கவும் முடியும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்குப் போய் வர விரும்பும் பிள்ளையை மகிழ்ச்சியாக அனுப்பி வைக்கும் இல்லம் சுவிசேஷத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அதன் அன்புக்கு விலை இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாடுகள் 2020-இன் திருத்தத்தோடு மேலும் இறுகிவிட்டன. 2017-இல் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு இந்தியப் பணியை நிறுத்தியபோது பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தே மையத்துக்கு வந்துபோன பிள்ளைகள். அதாவது குடும்பத்தைப் பிரிக்காத வகை ஊழியம் முதல் அடியை வாங்கியது. அரசு இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சபைகள் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு: நம் ஊர்ப் பிள்ளைக்கு நம் ஊர்ச் சபையின் காணிக்கைத் தட்டு ஏன் போதாமல் போயிற்று?

இனி செய்ய வேண்டியது

எல்லாப் பிள்ளைகளையும் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களைப் பார்த்து, நூறு நாளில் இல்லப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கச் சொன்னது. நாடெங்கும் இல்லங்களில் இருந்த 2.56 லட்சம் பிள்ளைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். கொரோனாவில் வேலை இழந்த வீட்டுக்கு, குடிகாரத் தகப்பன் இருக்கும் வீட்டுக்கு, பிள்ளையை அவசரமாகத் திருப்பி அனுப்புவது மீட்பு ஆகாது. அடியும் வன்கொடுமையும் நடந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு, உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைக்கு, நல்ல இல்லம் இன்றும் தேவை. அது சிறியதாக, பதிவு பெற்றதாக, ஊருக்குத் திறந்ததாக இருக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகளுக்கு வழி இப்போது முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குடும்பத்தோடு வளரும் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

பணம் இருக்கிறது, அதை வாங்கத் தெரியாத தாய்தான் தடுமாறுகிறாள். இறப்புச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அறுவடைக் கூலிக்குப் போகும் விதவை எத்தனை நாள் கூலியை விடுவாள்? அவளோடு தாலுகா அலுவலகத்துக்குப் போக, மனு எழுதித் தர, அந்த நாள் கூலியை ஈடுகட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்: ஓய்வுபெற்ற ஆசிரியை, வாலிபர் சங்கத்துப் பட்டதாரி, பெண்கள் ஐக்கியத்து அக்கா. கட்டடமே தேவைப்படாத ஊழியம் இது.

இன்னொரு வேலை கொத்தடிமை ஒழிப்பு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் போயிற்று. இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் போன்ற கிறிஸ்தவச் சட்ட அமைப்புகள் கொத்தடிமைகளை மீட்பதில் அரசோடு சேர்ந்து உழைத்துவருகின்றன. சூளையில் அடிமையாக இருக்கும் குடும்பத்தை விடுவித்தால், அந்தப் பிள்ளை ஒருநாளும் இல்லத்தின் வாசலுக்கு வர வேண்டியிருக்காது. ஆடம் ஆண்ட்ரூ நிலம் வாங்கித் தந்த வழியின் தொடர்ச்சி இதுவே.

இல்லம் நடத்துவோர்க்கு மூன்று வேண்டுகோள்கள். குழந்தைகள் நலக் குழுமத்தின் உத்தரவு இல்லாமல் ஒரு பிள்ளையையும் சேர்க்காதீர்கள். போதகர் சொன்னார், எம்எல்ஏ சொன்னார் என்பது உத்தரவு ஆகாது. பிள்ளையின் முகத்தையும் சோகக் கதையையும் நன்கொடைக்காக வெளியிடாதீர்கள். பிள்ளை பெரியவளாகும்போது அந்தப் படம் அவளுக்கு முன்னே போய் நிற்கும். ஆண்டறிக்கையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதும் இடத்தில், எத்தனை பேர் தாயிடமோ பாட்டியிடமோ தத்துப் பெற்றோரிடமோ போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இல்லம் நிரம்பியிருப்பதைப் பார்த்து நன்றி செலுத்திய நாம், அது காலியாவதைப் பார்த்தும் நன்றி செலுத்தப் பழக வேண்டும்.

முந்நூறு ஆண்டுகளில் இந்த ஊழியம் எண்ணற்ற பிள்ளைகளுக்கு உயிரும் எழுத்தும் கொடுத்தது. அந்தக் கடனை இச்சமூகம் மறக்கக் கூடாது. இனி அந்த அன்பு பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் பார்க்க வேண்டும். மகனின் கையைப் பிடித்தபடி இல்லத்தின் அலுவலக அறையில் வந்து நிற்கும் தாயிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, 'இவனை நீயே வளர்க்க உனக்கு என்ன வேண்டும்?' என்பதுதான். அவள் சொல்லும் பதிலை நிறைவேற்றுவதுதான் இந்தத் தலைமுறைக்கு உரிய ஊழியம்.